நான் உள்ளே வரமாட்டேன்

காக்காவின் இரங்கல் கூட்டத்துக்காக ஆலையின் கேண்டீனில் பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். கடற்படைச் சீருடையில் இளவயதுக் காக்கா விறைப்பாக நிற்கிறார். படத்துக்குக் கீழே, எதற்கும் அஞ்சாத வீரர் என்று இந்தியில் கொட்டை எழுத்து. மனிதவளத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் மைக்கைப் பிடித்து, “காக்கா கோ கிஸீ சீஸ் கா டர் நஹீ தா” என்றாள். காக்காவுக்கு எதைக் கண்டும் பயமே கிடையாதாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவ்வளவு பயந்த மனிதரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

அங்கேயே எழுந்து சொல்லியிருப்பேன். முன் வரிசையில் அவர் மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அடக்கி வைத்ததை இப்போது உங்களிடம் கொட்டுகிறேன். தொட்டி, குழாய், பாய்லர் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படியுங்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் இதில் இருக்கிறது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மராத்தி மண்ணில், நகர் போகும் சாலையில், ரஞ்சன்காவுக்கு முன்னால் இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பு. பழம் பிழிகிற பக்கம் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். என் பக்கம் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த பொம்பளை எஞ்சினியர், அதுவும் சாக்கடைக்கு எஞ்சினியர் என்று முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். அந்த ஆலைக்குத் தீயணைப்பு, பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு வந்தவர் காக்கா. கடற்படையில் பணிக்காலம் முடித்தவர், ராமநாதபுரம் கடற்கரைக்காரர். மராத்திக்காரர்கள் சித்தப்பா என்ற பொருளில் அவரைக் காகா என்றார்கள். அவர் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆகவே மேனேஜர் முதல் கேட் செக்யூரிட்டி வரை எல்லோருக்கும் அவர் ஒரே பெயரில் வசதியாகிப் போனார். மற்றவர்கள் முன்னால் அவர் என்னை ‘மேடம்’ என்பார். ஆள் இல்லாதபோது ‘தங்கச்சி’.

அவரை எல்லோருக்கும் பிடிக்கும். பெருநாளைக்கு லாத்தா (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கிண்டிக் கொடுத்த தொதலை ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவருவார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டிய அந்தக் கறுத்த அல்வாவுக்கு மூன்று ஷிப்ட்காரர்களும் அடித்துக்கொள்வார்கள். யாருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதுகூட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனால் அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். இவர் வெளியே போகிற கதவுகளைப் பார்ப்பார். ஒரு கதவுக்குக் குறுக்கே நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தால் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானே எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார். சமையல்கட்டில் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பந்தியில் உட்காரமாட்டார். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அந்தப் பெரியவர் யாரு? சமையல்காரங்களோட ஏதோ தகராறு பண்றாரே” என்று கேட்டார். எங்கள் ஆலைக்காரர் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணம் முடிந்ததும், “எதுக்கு காக்கா எப்பப் பாத்தாலும் இப்படிப் பயந்து சாகுறீங்க?” என்று கேட்டேன்.

“பயப்படுறதுக்குத்தான தங்கச்சி சம்பளம் தாராக” என்றார்.

இந்தப் பயந்த மனிதர் எங்கள் ஆலையில் கொண்டுவந்த ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. மூடிய தொட்டிக்குள் யாராவது இறங்கவேண்டும் என்றால் விஷவாயு இருக்கிறதா என்று கருவியை விட்டுப் பார்ப்பது, காற்று ஊதும் குழாயைப் போடுவது, இடுப்புவார் கட்டிக் கயிறு மாட்டுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் விட்டுவிடுகிறேன். இதெல்லாம் முடிந்தபிறகு காக்கா இன்னொன்று செய்யச் சொல்வார். தொட்டியின் வாயில் காவல் நிற்பவர், இறங்கப் போகிறவரின் முகத்தைப் பார்த்து, இப்படிச் சொல்லவேண்டும்:

“நீ விழுந்தா நான் உள்ள வரமாட்டேன். ஆளைக் கூட்டியாருவேன்.”

அதைக் கேட்டு, இறங்குகிறவர், “அது போதும்” என்று சொல்லவேண்டும். அதன் பிறகுதான் ஏணியில் கால். மராத்திப் பையன்களுக்காக மராத்தியிலும் வைத்திருந்தார். “தும்ஹி பட்லாத் தர் மீ ஆத் யேணார் நாஹி. மாணூஸ் கேவூன் யேயீன்.”

இது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எனக்குத்தான் முதலில் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டார்கள். ‘போறேன்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று அதட்டுவார்கள். மராத்தி வீடுகளிலும் அப்படித்தான், கிளம்பும்போது ‘யேதோ’ என்பார்கள், வருகிறேன் என்று. இப்படிப்பட்ட ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து, ஆழத்தில் இறங்குகிறவனைப் பார்த்து விழுந்தால் வரமாட்டேன் என்று சொல் என்றால் யாருக்கு வாய் வரும்? பாதிப் பேர் சிரித்துக்கொண்டே முணுமுணுப்பார்கள். சிலர் சொல்லிவிட்டு ரகசியமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

“நல்ல வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா காக்கா?” என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன்.

“நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வீட்ல ஆள் இருக்காக. இங்க உண்மையைச் சொல்லி அனுப்பு” என்றார். ஏன் என்று காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனிதருக்குக் கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மாம்பழ சீசனின் கடைசி வாரம். மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். லாரிகள் சாலைவரை வரிசை கட்டி நிற்கின்றன, பழம் கனிந்து ஒழுகுகிறது. அந்த நேரம் பார்த்து என் கழிவுநீர்த் தொட்டியில் பம்பின் வாயை மாம்பழ நாரும் கொட்டைச் சக்கையும் அடைத்துக்கொண்டன. கழிவுநீர் போகவில்லை என்றால் ஆலை நிற்கவேண்டும். ஆலை நின்றால் லாரியில் இருக்கிற பழமெல்லாம் குப்பைக்கு. மேனேஜர் போன் மேல் போன். “மேடம், ஆம்பா சட்தோய்” என்று, பழம் அழுகுவதை நான்தான் பிடித்து நிறுத்தவேண்டும் என்பது போலக் கத்திக்கொண்டிருந்தார்.

தண்ணீரை வடித்தோம். அடியில் முழங்கால் அளவு சகதி. தான் முதலில் இறங்கிப் பார்க்காத தொட்டியில் காக்கா வேறு யாரையும் இறக்கியதில்லை. அன்றும் அவர்தான் வார் கட்டிக்கொண்டார். கருவியை விட்டுப் பார்த்தார், சுத்தம் என்றது. காற்றுக் குழாய் ஊதிக்கொண்டிருந்தது. வாயில் நிற்கவேண்டியவன் சந்தோஷ். நல்ல பிட்டர், வாட்டசாட்டமானவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காக்காவை விட்டு நகராதவன்.

“சொல்லுடா” என்றார் காக்கா.

சந்தோஷ் தரையைப் பார்த்தான். “தும்ஹாலா மீ அஸ நாஹி போல்ணார், காகா.” உங்களைப் பார்த்து நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறான். மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்னவன்தான். அன்றைக்கு ஏகாதசி, காக்காவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

என் போன் மறுபடி அடித்தது. நான், “விடுங்க காக்கா, அவன் சொன்னா என்ன சொல்லாட்டி என்ன” என்றேன்.

காக்கா சந்தோஷின் தோளைத் தட்டி, தள்ளி நிற்கச் சொன்னார். கோபமே இல்லை. என்னைப் பார்த்து, “மேடம், நீங்க நில்லுங்க” என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டே வேகமாக அந்த வாக்கியத்தை ஒப்பித்தேன்.

“மூஞ்சியப் பாத்துச் சொல்லு தங்கச்சி.”

எல்லோர் முன்னாலும் தங்கச்சி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்த முகம். கண்ணோரத்தில் வேர்வை. “நீங்க விழுந்தா நான் உள்ள வரமாட்டேன். ஆளைக் கூட்டியாருவேன்” என்றேன்.

“அது போதும்” என்று சொல்லி இறங்கினார்.

உள்ளே இருக்கும்வரை ஓயாமல் பேசுவது அவருடைய இன்னொரு பழக்கம். பேச்சு வந்துகொண்டிருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்குத் தொதல் கிண்டும் விதத்தைச் சொல்லிக்கொண்டே போனார். “கை வலிக்குதுன்னு நிறுத்திறப்படாது மேடம். அடுப்ப விட்டு இப்படி அப்படித் திரும்புனா...” என்று கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

“காக்கா” என்றேன். தொட்டி என் குரலையே திருப்பிக் கொடுத்தது.

குனிந்து பார்த்தேன். ஏணிக்குப் பக்கத்தில் சகதியில் சாய்ந்து கிடந்தார். தலைக்கவச விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து விட்ட கருவிக்குச் சகதிக்குள் அடைந்துகிடந்த வாயுவைப் பற்றி எப்படித் தெரியும்? கால் வைத்துக் கிளறியதும் அது கிளம்பியிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் காக்கா விழுந்துவிட்டார் என்பதுதான்.

கயிற்றைப் பிடித்திருந்த இரண்டு பேரும் இழுத்தார்கள். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏணியின் அடிக்காலுக்கும் குழாய்க்கும் நடுவே கயிறு சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. மூச்சுக்கருவி என் காலடியிலேயே இருந்தது. அதை மாட்டிக்கொண்டு இறங்கப் பழகியவர்கள் தீயணைப்புக் குழுவில் இரண்டு பேர். மேனேஜர் அவர்களைப் பாய்லர் பக்கம் அனுப்பியிருந்தார். வாக்கி-டாக்கியில் கத்தினேன். வருகிறோம் என்று பதில் வந்தது. எவ்வளவு தூரம் அந்தப் பாய்லர் என்று தினமும் நடந்த எனக்குத் தெரியும். அன்றைக்கு அது வேறு ஊரில் இருந்தது.

அதற்குள் சந்தோஷ் ஓடிவந்தான். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வாய்க்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

“மேடம், தோ மர்தோய்!” என்று அலறினான். அவர் சாகிறார் என்று.

“தெரியுதுடா” என்று நான் தமிழில் கத்தினேன். அவன் என்னைத் தள்ளினான். நான் நகரவில்லை. முழங்கையால் என் முகத்தில் ஒன்று கொடுத்தான். கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது, உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக்கரித்தது. அவன் அழுதுகொண்டே அடித்தான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அந்தச் சமயத்தில் எனக்கு எந்தத் தெளிவும் இல்லை. ஒருவேளை இவன் சொல்வதுதான் சரியோ என்று மனம் அடித்துக்கொண்டது. பலசாலி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு இறங்கினால் கயிற்றை எடுத்துவிட்டு ஏறிவிடுவானே? நான் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதரைச் சாகவிடுகிறேனா? நாளைக்கு லாத்தா முகத்தில் எப்படி விழிப்பேன்? சந்தோஷை விட்டுவிட்டு நானே இறங்கிவிடலாம் என்றுகூட ஒரு கணம் காலைத் தூக்கினேன். என்னை நிறுத்தியது என் படிப்பு இல்லை. காக்காவின் முகத்தைப் பார்த்து நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், அவர் அது போதும் என்று வாங்கிக்கொண்டு போயிருந்தார். வேகமாக ஒப்பித்ததோடு விட்டிருந்தால் என் கால் நின்றிருக்காது. முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதான் காலைப் பிடித்தது.

வரமாட்டேன் என்பது பாதிதானே. மறுபாதி, ஆளைக் கூட்டிவருவது. ஆள் வரும்வரை என்ன? கயிற்றை இழுத்தவர்களைப் பார்த்து, “இழுக்காதீங்க, சும்மா புடிச்சுக்கோங்க. தலை சகதிக்குள்ள போகக் கூடாது, அவ்வளவுதான்” என்று இந்தியில் கத்தினேன். சந்தோஷின் கையில் காற்றுக் குழாயைத் திணித்தேன். பக்கத்தில் சாரம் கட்டின மூங்கில் கிடந்தது. குழாயின் முனையை அதில் கட்டி, காக்காவின் மூக்குக்கு நேரே காற்று படுகிற மாதிரி மேலேயிருந்தே நீட்டச் சொன்னேன். “விட்டுராத. அவர் மூச்சு உன் கைல இருக்கு” என்றேன். அவன் குப்புறப் படுத்து, தலையை வெளியே வைத்துக்கொண்டு, மூங்கிலை இறக்கிப் பிடித்தான். அதன் பிறகு ஏணிப் பக்கமே அவன் திரும்பவில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் கால் தானாக நிற்கும். இதை மட்டும் நான் அங்கே நின்றபடி சொந்தமாகக் கற்றுக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. யாராவது கணக்குச் சொன்னால் நான் நம்பவும் மாட்டேன். தீயணைப்புக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கிச் சிக்கலை எடுத்தார். இழுத்தோம். வெளியே வந்த காக்காவின் முகம் மண் நிறத்தில் இருந்தது. நெஞ்சு லேசாக ஏறி இறங்குவதைச் சந்தோஷ்தான் முதலில் பார்த்தான். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகுதான் என் கண்ணாடியைத் தேடினேன்.

காக்கா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பேச வாய் வந்ததும் என் தையல் போட்ட உதட்டைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, “யாரு அடிச்சா?”

“சந்தோஷ்.”

“நல்லா அடிச்சானா?”

“பாத்தா தெரியலையா?”

சிரிக்க முயன்று இருமினார். அப்புறம், கேட்காமலேயே, அந்தக் கிறுக்குக்குக் காரணத்தைச் சொன்னார். கடற்படையில் சேர்ந்த புதிது. துறைமுகத்தில் இவர்கள் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி விசைப்படகு கட்டியிருந்தது. மீன் போட்டுவைக்கும் அறைக்குள், அழுகல் மீனை அள்ள ஒருவன் இறங்கி விழுந்திருக்கிறான். சத்தம் கேட்டு இவர்கள் ஓடியிருக்கிறார்கள்.

“அவனைத் தூக்க அவன் தம்பி எறங்குனான். அவனும் விழுந்தான். தம்பியத் தூக்க மச்சான் எறங்குனான். அவனும் விழுந்தான். நாலாவதா நான் கால வச்சேன். எங்க பெட்டி ஆபீசர், எனக்கு மேல உள்ளவரு, என் காலரப் புடிச்சு இழுத்துட்டாரு. நான் அவரு மூஞ்சில குத்துனேன். ரத்தம் வந்துச்சு. மனுசன் புடிய விடல. கருவி மாட்டுன ஆள் வந்து மூணு பேரையும் எடுத்தாக. மொதல்ல விழுந்தவன் பொழச்சுக்கிட்டான் தங்கச்சி. தூக்கப் போன ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டானுக. பொழச்சவன் கண்ணு முழிச்சு, தம்பி எங்கன்னு கேட்டான். நான் விழுந்து, எனக்காக ஒருத்தன் விழுந்து, நான் மட்டும் கண்ணு முழிச்சா என்ன செய்வேன்? அந்தப் பயம் எனக்கு இன்னும் போகல.”

அடுத்த நாள் சந்தோஷ் வந்து காக்காவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. காக்கா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்தப் பயம் தொற்றுவியாதி. ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த்தொட்டியைக் கழுவ ஆட்கள் வந்திருப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். பாதி நறுக்கிய கத்தரிக்காயும் கத்தியுமாகக் கீழே ஓடினேன். தொட்டி வாயில் யார் நிற்கிறது, அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். கையில் கத்தியோடு ஒரு கிழவி வந்து, நீ விழுந்தால் இவன் வரமாட்டான் என்று சொல்லவை என்கிறாள். அந்தப் பையன்கள் மிரண்டுபோனார்கள். சொசைட்டி செயலாளர் என் மகளுக்கு போன் போட்டு, அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். கேட்கட்டும். அன்றைக்கு இறங்கினவர்கள் ஏறி வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

போன மாதம் காக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றவேண்டும் என்றார்கள். பிம்ப்ரியில் ஓர் ஆஸ்பத்திரி. நான் போனபோது அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் அறைக் கதவுவரை கொண்டுவந்துவிட்டார்கள். லாத்தா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மகன் இருந்தான். சந்தோஷும் வந்திருந்தான். இப்போது அதே ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அவன்தான், காதோரம் நரைத்துவிட்டது.

காக்கா என்னைக் கண்டதும் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார். “சொல்லு தங்கச்சி” என்றார்.

“போயிட்டு வாங்க காக்கா” என்றேன்.

“அது வேணாம். அதச் சொல்லு.”

நான் லாத்தாவைப் பார்த்தேன். மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு அவர் சொன்னார், “சொல்லிரும்மா. சொல்லாட்டி உள்ள போகமாட்டாக. வீட்ல ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்துறதுக்குக்கூட என்னைய அதச் சொல்லச் சொல்லுவாக.”

குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் பார்த்த அதே பயந்த முகம். “நீங்க விழுந்தா நான் உள்ள வரமாட்டேன்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். வண்டியைத் தள்ளுகிறவர், “சலா, சலா” என்று அவசரப்படுத்தினார். காக்கா காத்துக்கொண்டிருந்தார். மறுபாதி வராமல் போகமாட்டார். தொட்டி என்றால் பாய்லர் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். இங்கே நான் யாரைக் கூட்டிவருவேன்? ஆனாலும் சொன்னேன். “ஆளைக் கூட்டியாருவேன், காக்கா.”

“அது போதும்” என்றார். கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் வாசலில் இருந்தோம். சொன்ன நேரம் தாண்டியது. லாத்தா தொழுதுவிட்டு வந்தார். ஒரு நர்ஸ் ஓடினார், இன்னொருவர் ஓடினார். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை தானாக ஒரு வாக்கி-டாக்கியைத் தேடியது. கடைசியில் டாக்டர் வெளியே வந்து மகனைத் தனியே கூப்பிட்டார். அந்தப் பையனின் தோள் தொங்கியதைப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டருக்குப் பின்னால் கதவு இன்னும் முழுக்க மூடவில்லை. நான் ஓடினேன். வாழ்நாளெல்லாம் தொட்டி வாயில் நின்று, வரமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கும் பாடம் நடத்துகிற நான், காக்கா என்று கத்திக்கொண்டு அந்தக் கதவுக்குள் காலை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது.

“நகா மேடம். ஆத் ஜாவூ நகா” என்றான் சந்தோஷ். உள்ளே போகாதீர்கள் என்று.

நான் திரும்பி அவன் முகத்தில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவன் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான், ஆனால் பிடியை விடவில்லை.

நல்லா அடிச்சியா என்று காக்கா கேட்டிருப்பார். நல்லாத்தான் அடிச்சேன், காக்கா.